தாழ்விளக்கு மொரிஸ் மைனர்: விற்பனைக்கு வந்த பழைய காரைப் பார்த்து வாங்கும் முறை

பிரித்தானியாவில் பழைய மொரிஸ் மைனர் ஒன்றைத் தேடிப் பிடிப்பது பெரிய வேலையல்ல. 1948 முதல் 1971 வரை பதினாறு இலட்சம் அளவில் உற்பத்தியான கார் அது. 1960 டிசெம்பரில் பத்து இலட்சத்தைத் தொட்டபோது, அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் என்ற பெயரையும் பெற்றது. ஆகவே நல்லதும் கெட்டதுமாகச் சில மைனர்கள் எப்போதும் விற்பனைக்கு இருக்கும். முன்விளக்குகள் மட்கார்டின் மேல் இல்லாமல் கிரில்லின் இரு ஓரங்களிலும் தாழப் பதிந்திருக்கும் முதற்கால மைனர் மட்டும் அப்படிக் கிடைப்பதில்லை. உள்நாட்டில் விற்ற கார்களில் 1951 தொடக்கத்திலேயே விளக்குகள் மேலே ஏறிவிட்டன. அமெரிக்க விளக்குச் சட்டத்துக்கு இணங்க அங்கு ஏற்றுமதியான கார்களில் அதற்கு முன்பே ஏறிவிட்டன. எனவே இரண்டரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் செய்யப்பட்டவையே ‘லோ லைட்’ என்று ஆர்வலர்கள் அழைக்கும் இந்த வகை. அவற்றிலும் கறளுக்கும் பின்னாள் மாற்றங்களுக்கும் தப்பியவை மிகச் சில.

விளம்பரத்தில் ‘சலூன்’ என்று இருக்கும். முடிவெட்டும் கடையை நினைத்துச் சிரிக்க வேண்டாம். நிலையான தகட்டுக் கூரையுள்ள காருக்கு இங்கே அதுதான் பெயர். துணிக்கூரை மைனரை ‘டூரர்’ என்பார்கள்.

சாதாரண மைனர் வாங்குபவர் நேரே காருக்கு அடியில் படுத்துக் கறளைத்தான் பார்ப்பார். அது சரியான முறையே, ஏனெனில் பிற்கால மைனருக்கு வேண்டிய உதிரிப்பாகம் ஏறக்குறைய எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. தாழ்விளக்குக் காரில் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அந்த இரண்டரை ஆண்டுகளுக்கு மட்டுமே உரிய சில பாகங்கள் காரில் இருக்கின்றனவா என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகே கறளுக்குப் போங்கள். கறள் பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யப் பணம் இருந்தால் போதும். தொலைந்துபோன கிரில்லுக்கும் எஞ்சினுக்கும் பணத்தோடு பல ஆண்டுக் காத்திருப்பும் வேண்டியிருக்கும்.

படி 1: வீட்டிலிருந்தே பார்க்க வேண்டிய பத்திரங்கள்

விற்பவரிடம் காரின் இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இலக்கத்தைக் கொண்டு எம்ஓடி என்னும் ஆண்டுப் பரிசோதனையின் பழைய முடிவுகளை அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே ஏறக்குறைய 2005 முதலான பதிவுகள் இருக்கும். 1960க்கு முன் செய்யப்பட்ட கார்களுக்கு 2012 நவம்பரில் இந்தப் பரிசோதனையிலிருந்து விலக்குக் கிடைத்தது. ஆகவே காரை ஓட்டிவந்தவர் யாராயிருந்தாலும், கிட்டத்தட்ட ஏழு ஆண்டுக்கான மைல் கணக்கும் ‘அடித்தளத்தில் அரிப்பு’ போன்ற பரிசோதகரின் குறிப்புகளும் அங்கே காத்திருக்கும். 2008இல் அரிப்பு என்று எழுதப்பட்ட இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனால், நேரில் எங்கே விரலை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்த ஆண்டுகளில் பதிவே இல்லையென்றால் கார் ஓடாமல் நின்றிருக்கிறது என்று பொருள். எங்கே நின்றது, கூரைக்குக் கீழா வெட்டவெளியிலா என்று கேளுங்கள்.

மைல்மானியில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999ஐத் தாண்டினால் பூச்சியத்திலிருந்து மீண்டும் தொடங்கும். ‘31,000 மைல்தான் ஓடியிருக்கிறது’ என்பதைத் தாள் ஆதாரம் இல்லாமல் ஏற்க வேண்டாம். பிரேக் பெடலின் இறப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தால், அல்லது சாரதி ஆசனத்தின் விளிம்பு அமுங்கிப்போயிருந்தால், அந்த 31,000 உண்மையில் 1,31,000 ஆக இருக்கலாம்.

வி5சி என்னும் பதிவுப் பத்திரம் காரைப் பதிவில் வைத்திருப்பவரைக் காட்டுமே தவிர, உரிமையாளரை நிரூபிக்காது. அந்தப் பத்திரத்திலேயே அப்படி அச்சிட்டிருக்கிறது. அதனோடு பழைய மண்ணிற அட்டைப் பதிவேடும் இருந்தால் அது பெரும் பேறு. கணினிக் காலத்துக்கு முன் கவுண்டி அலுவலகங்கள் முத்திரை குத்திய அந்த அட்டையில் ஒவ்வொரு கைமாற்றமும் கையால் எழுதப்பட்டிருக்கும். 1983இல் சுவான்சியிலுள்ள அரசாங்க வாகனப் பதிவகத்தின் கணினிப் பதிவுக்கு மாறும் காலக்கெடுவைத் தவறவிட்ட கார்கள் தம் பழைய இலக்கத்தை இழந்தன. பின்னர் வி765 என்னும் திட்டத்தின் கீழ், ஆதாரம் காட்டியவர்களுக்கு அது திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆகவே கார் 1949இல் முதன்முதல் பெற்ற இலக்கத்தையே இன்னும் சுமந்திருக்கிறதா, இடையில் யாரோ அதை விற்றுவிட்டு வேறொன்றை மாட்டினார்களா என்பது விலையைத் தொடும் கேள்வி.

படி 2: இது உண்மையில் தாழ்விளக்குக் கார்தானா?

நேரில் போனதும் பளபளப்பைப் பார்க்காமல் முகத்தைப் பாருங்கள். கதவுகளையும் எண்ணுங்கள். நான்கு கதவு மைனர் 1950 செப்டெம்பரில் வந்தபோதே அதன் விளக்குகள் மட்கார்டில்தான் இருந்தன. எனவே நான்கு கதவும் தாழ்விளக்கும் ஒரே காரில் சேர்ந்திருந்தால், இரண்டு கார்களைக் கலந்து யாரோ ஒன்று செய்திருக்கிறார். முன்கண்ணாடி நடுவில் கம்பியோடு இரண்டு துண்டாக இருக்க வேண்டும். ஒரே வளைந்த கண்ணாடி 1956இல் மைனர் 1000 உடன் வந்தது.

அடுத்துப் பொனட்டைக் குனிந்து பாருங்கள். அதன் நடுவே நீளவாக்கில் தட்டையாக ஒரு பட்டை ஓடும். அந்தப் பட்டைக்கு ஒரு கதை உண்டு. வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ், உற்பத்தி தொடங்கும் நேரத்தில் கார் ஒடுங்கலாக இருப்பதாக நினைத்தார். மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரு பாதிகளையும் கண்ணுக்குச் சரிப்படும் வரை விலக்கிப் பார்த்தார். நான்கு அங்குல இடைவெளியில் மனம் ஒப்பியது. அதற்குள் பம்பர்கள் செய்தாகிவிட்டன. அவற்றை நடுவில் வெட்டி, நான்கு அங்குலத் துண்டொன்றைச் செருகி நீட்டினார்கள். முதற்காலக் கார் என்று சொல்லப்படும் ஒன்றின் பம்பர் நடுவில் அந்த ஒட்டுத்துண்டு இருந்தால், விரலால் தடவி இரண்டு மூட்டையும் உணரலாம். இல்லையென்றால் கார் சற்றுப் பிந்தியதாக இருக்கலாம், அல்லது பம்பர் மாறியிருக்கலாம். குறையாகத் தோன்றும் ஒட்டு விலையைக் கூட்டுவது இந்தக் காரில்தான்.

பொனட்டைத் திறந்து, எஞ்சினையும் பயணிகள் பகுதியையும் பிரிக்கும் தீச்சுவரிலுள்ள தகட்டைப் படியுங்கள். இந்த வகையின் சேஸிஸ் இலக்கம் எஸ்எம்எம் என்று தொடங்கும். தகட்டில் உள்ளதும் வி5சியில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ‘எழுதும்போது பிழை நேர்ந்திருக்கும்’ என்ற சமாதானத்தோடு வீடு திரும்ப வேண்டாம். பிழையென்றால் விற்பவர் திருத்திக் கொடுத்த பிறகு பணம் கொடுக்கலாம்.

எஞ்சினை அறிவது இதைவிட எளிது. மூலத்தில் இருந்தது மொரிஸ் எய்ட் காரின் வழிவந்த 918 சிசி பக்க வால்வு எஞ்சின், வலு 27.5 குதிரை. வால்வுகள் பக்கத்தில் இருப்பதால் தலைப்பகுதி பலகைபோல் தட்டையாக இருக்கும்; பிளக்குகள் அதன் மேல் நிமிர்ந்து நிற்கும். நீங்கள் காண்பது மேலே ஒயில் மூடியோடு கூடிய தகரப் பெட்டியென்றால், அது பின்னாளில் மாற்றிப் போட்ட, பிற்கால மைனர்களுக்குரிய ஏ-சீரிஸ் எஞ்சின். இந்த மாற்றம் பரவலாக நடந்தது, நடைமுறையில் நல்ல மாற்றமும்கூட: கார் மேட்டில் திணறாது. அன்றாடம் ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் தயங்காமல் எடுங்கள். அரிய கார் என்ற விலையை மட்டும் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய எஞ்சின் கொட்டகை மூலையில் இருந்தால் அதையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிரில், அதனுள் விளக்குகள் அமரும் வளையங்கள், தாழ்விளக்கு மட்கார்டுகள், மானிகள், கதவுத்தூணிலிருந்து கைபோல் நீண்டு வரும் சிக்னல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றில் இரண்டு மூன்று காணாமற்போயிருந்தால் நான் அடுத்த படிக்கே போகமாட்டேன்.

படி 3: தகடும் நிறப்பூச்சும்

பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நாளில் பாருங்கள். நனைந்த கார் எல்லாம் அழகிய கார். பத்தடி தள்ளி நின்று கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா என்று கவனியுங்கள். கீழே ஒடுங்கியிருந்தால் உடல் தொய்ந்திருக்கிறது. இந்தக் காருக்கு உடலைத் தாங்கும் தனி இரும்புச் சட்டகம் கிடையாது. தகட்டுடலே எலும்பும் ஆகையால் தொய்வைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கதவைத் திறந்து நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் தேய்ந்தது கீலா, கீல் பொருந்திய தூண் அரித்துவிட்டதா என்று பிரித்தறிய வேண்டும்.

மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். மட்கார்டின் பின்கீழ் மூலையிலும் கதவின் அடிவிளிம்பிலும் அது ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே பட்டி இருக்கிறது. கென்ட் பக்கம் ஒருமுறை ‘முழுமையாகப் புதுப்பித்த’ மைனர் ஒன்றைப் பார்க்கப் போனேன். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டில், இங்கே ‘சில்’ என்பார்கள், காந்தம் ஓரிடத்திலும் பிடிக்கவில்லை. நகத்தால் தட்டினால் தகரச் சத்தத்துக்குப் பதில் பலகைச் சத்தம். அடியில் கையை விட்டபோது பட்டியோடு சேர்ந்து நைந்த செய்தித்தாள் துண்டொன்று விரலில் வந்தது. காற்பந்துப் போட்டி முடிவுகளின் ஒரு மூலை. விற்றவர் அதை என்னிடமிருந்து வாங்கி ஆர்வத்தோடு வாசித்தார்.

நன்கு காப்பாற்றப்பட்ட காரின் பூச்சு பெரும்பாலும் மின்னாது. துடைத்துத் துடைத்து விளிம்புகளில் மெலிந்து, அடிப்பூச்சு இலேசாகத் தெரியும். கதவு இறப்பரைச் சற்று விலக்கி அதன் பின்னாலுள்ள நிறத்தையும், பொனட்டின் உட்புற நிறத்தையும், தரைவிரிப்பின் கீழுள்ள நிறத்தையும் ஒப்பிடுங்கள். மூன்றும் வெளிநிறத்தோடு ஒத்துப்போனால் அது அசல் பூச்சாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. இப்படிப்பட்ட மங்கிய காரைப் புதிய பூச்சுப் பூசிய காரைவிட உயர்வாக மதிக்கிறேன். புதுப் பூச்சு கீழே என்ன இருக்கிறது என்பதை மறைக்கிறது, மங்கிய பூச்சால் எதையும் மறைக்க முடியாது.

படி 4: அடிப்பகுதி

விரிப்புகளை எடுத்துவிட்டு முன் ஆசனங்களுக்குக் கீழே குறுக்காக ஓடும் விட்டத்தைத் தேடுங்கள். முன் சில்லுகளை, அதாவது சக்கரங்களை, தாங்கும் முறுக்குக் கம்பிகள் முடிவடைவது அங்கேதான். அது அரித்திருந்தால் காரின் இடுப்பே பலவீனம். விட்டத்தின் இரு முனைகளும் கதவுக்குக் கீழுள்ள ‘சில்’ தகட்டோடு சேரும் இடத்திலுள்ள ஜக் பொருத்தும் துளைகள் முதலில் கறள் பிடிப்பவை. விற்பவரின் அனுமதியோடு அந்தத் துளையிலேயே ஜக்கை வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்து ‘வேறிடத்தில் வைப்போம்’ என்றால் விடை கிடைத்துவிட்டது.

பின் வில்த்தகடுகளின் முன்முனை உடலில் மாட்டப்பட்டிருக்கும் இடம், எஞ்சினின் இருபுறமும் முன்னோக்கி நீளும் பெட்டிக்கால்கள், பற்றரித் தட்டு, பின்பெட்டித் தளம் ஆகியவற்றையும் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். பழைய துளையை வெட்டி நீக்காமல் அதன் மேலேயே தகடு போர்த்திய வெல்டிங் இருந்தால் உள்ளே கறள் தொடர்ந்து வேலை செய்கிறது. அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் பூசியது எப்போது என்றும், பூசுமுன் எடுத்த படங்கள் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

படி 5: முன்சில்லு

மைனரின் முன்புறம் 1948க்கு மிக முன்னேறியது. ஸ்டியரிங் பற்சட்ட முறையில் இயங்குவதால் எழுபது ஆண்டுக்குப் பிறகும் திருப்புவது சுகமாக இருக்கிறது. அதே முன்புறத்தில் ஓர் அபாயமும் உண்டு. சில்லைத் தாங்கும் நிற்கும் தண்டு, மேலும் கீழும் ட்ரனியன் எனப்படும் மரையிட்ட உலோகக் கட்டைகளுக்குள் திருகி நிற்கிறது. கிரீஸ் காணாமல் மரை தேய்ந்தால் தண்டு கீழ்க்கட்டையிலிருந்து ஒருநாள் கழன்று, சில்லு மட்கார்டுக்குள் மடிந்துவிடும். மெதுவாக முழு வளைவு திருப்பும்போதுதான் இது அதிகம் நடக்கிறது என்பது ஒரே ஆறுதல்.

சோதனை இரண்டு நிமிட வேலை. சில்லைத் தரையிலிருந்து உயர்த்தி, உறுதியான தாங்கியில் காரை நிறுத்துங்கள். மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் நின்றால் பெயரிங் தேய்ந்திருக்கிறது. அது சிறு செலவு. நிற்காமல் தொடர்ந்தால் ட்ரனியன். அதை மாற்றாமல் காரை வீட்டுக்கு ஓட்டிவரக் கூடாது, ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

படி 6: எஞ்சினைக் குளிரிலிருந்து எழுப்புதல்

‘நீங்கள் வருமுன் சூடாக்கி வைக்கிறேன்’ என்பவரிடம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் ரேடியேற்றரைத் தொட்டு, குளிர்ந்திருப்பதை உறுதி செய்யுங்கள். ஆரம்பகாலப் பக்க வால்வு எஞ்சினுக்குத் தண்ணீர்ப் பம்பு கிடையாது. சூடான நீர் தானே மேலேறி, குளிர்ந்த நீர் கீழிறங்கும் இயற்கை ஓட்டத்தை நம்பியே குளிர்கிறது. ஆகவே அடைபட்ட ரேடியேற்றரை அது பொறுக்காது. மூடியைத் திறந்து நீரின் நிறத்தைப் பாருங்கள். செம்மண் குழம்பாக இருந்தால் உள்ளே கறள்; மேலே ஒயில் மிதந்தால் தலைக் கஸ்கெட் பழுது.

எஞ்சின் எழுந்ததும் வரும் சிறிது நீலப் புகை இந்த வயதுக்குப் பொறுக்கத்தக்கது. நிற்காமல் தொடர்ந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. அடியிலிருந்து கனத்த இடியோசை கேட்டால் எஞ்சினை முழுதாகப் பிரிக்கும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேச வேண்டும்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தத் தலைமுறை எஞ்சின்களின் குணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. குறைந்த அமுக்க விகிதம் கொண்ட பழைய எஞ்சின்களால்தான் அது முடிந்தது. பக்க வால்வு எஞ்சினின் அமுக்கம் இன்னும் குறைவு. அதன் சோம்பலுக்கும் பொறுமைக்கும் காரணம் அதுவே.

மின்னிணைப்பில் ஒன்றை மறக்கக் கூடாது: இந்தக் காரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைகிறது. இக்காலக் கருவி எதையும் பழக்கத்தில் மாட்டினால் கருகிவிடும்.

படி 7: ஓட்டிப் பார்த்தல்

குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். முதலாம் கியருக்கு, பற்களின் வேகத்தைச் சமப்படுத்தும் இணக்கி இல்லை. கார் முழுதாக நின்ற பின்னரே அதைப் போட வேண்டும், அதில் உறுமல் வருவது குறையல்ல. இரண்டாம் கியரில் ஏறிவிட்டு ஆக்சிலேற்றரை விடுங்கள், கியர் தானாக வெளியே துள்ளினால் பெட்டி தேய்ந்திருக்கிறது. நான்கு சில்லிலும் சிறிய டிரம் பிரேக்தான். பெடலை அழுத்தியதும் கார் ஒருபக்கம் இழுக்காமல் நேராக நிற்கிறதா என்பதே கேள்வி. பெடல் மெல்ல மெல்லத் தாழ்ந்தால், சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. உச்ச வேகம் மணிக்கு அறுபது மைலைச் சற்றே தாண்டும். நாற்பத்தைந்தில் நிம்மதியாக ஓடும். நெடுஞ்சாலையில் லொறிகள் உங்களை முந்தும்.

படி 8: விலை, பத்திரம், காப்புறுதி

குறைகளை எழுதிய தாளை விற்பவர் முன்னே வைத்துப் பேசுங்கள், காரைப் பழிக்காதீர்கள். நாற்பது ஆண்டு வளர்த்தவரிடம் ‘கிடையாகக் கிடந்த இரும்பு’ என்று சொல்லி விலை குறைத்தவரை நான் கண்டதில்லை.

கைமாறும்போது பழைய வரி கூடவே வராது. நாற்பது ஆண்டைத் தாண்டிய கார் என்பதால் வரித்தொகை பூச்சியம்தான், ஆனால் வீதியில் இறக்குமுன் உங்கள் பெயரில் அந்தப் பூச்சிய வரியைப் பதிந்தே ஆக வேண்டும். வரலாற்று வாகன வகுப்பில் பதிவாகியிருந்தால் லண்டனின் புகை வலயக் கட்டணமும் கிடையாது. காப்புறுதியை, காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிக்கும் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ முறையில் எடுங்கள். அதற்குப் படங்களும் மதிப்பீட்டுக் கடிதமும் கேட்பார்கள். சாதாரணக் காப்புறுதியில் இடிபட்டால், சந்தை விலை என்று அவர்கள் சொல்வதுதான் விலை.

எம்ஓடி கட்டாயமில்லை என்றாலும், வாங்கிய வாரத்திலேயே ஒருமுறை விரும்பிச் செய்விப்பது நல்லது.

படி 9: வீட்டுக்கு வந்த முதல் மாதம்

2021 செப்டெம்பர் முதல் இங்கே சாதாரணப் பெற்றோல் பத்து வீதம் வரை எதனோல் கலந்த ஈ10 ஆகிவிட்டது. அது பழைய இறப்பர்க் குழாய்களை இளகச் செய்யும். விலை கூடிய சூப்பர் வகையான ஈ5ஐ ஊற்றுங்கள், குழாய்களையும் மாற்றிவிடுங்கள். ரயர்ப் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்கள் செய்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும். பூ அழியாத ரயராக இருந்தாலும் பத்து ஆண்டைத் தாண்டியிருந்தால் மாற்ற வேண்டும். பிரேக் திரவத்தையும் நெகிழ்குழாய்களையும் யோசிக்காமல் புதிதாக்குங்கள்.

பிறகு கிரீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ட்ரனியன்களுக்கு வாருங்கள். சில்லு தரையில் நிற்கும்போது அடித்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்குள் கிரீஸ் நுழையாது. காரை உயர்த்தித் தாங்கியில் நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒருபுறம் திருப்பி, நிப்பிளைத் துடைத்துவிட்டு மெதுவாக அமுக்குங்கள். முதலில் கறுத்து இறுகிய பழைய கிரீஸ் பிதுங்கி வரும். அதன் பின்னால் புதியது மஞ்சளாக எட்டிப் பார்க்கும் வரை நிறுத்தாதீர்கள். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை இதே வேலை.